மலைக்கோட்டை ஏறுவோருக்கு

படியேறிப் பழகாதவர் அஞ்சி மெதுவாக ஏறுவார். நன்கு பழகியவர் அளவறிந்து ஏறுவார். திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையில் மூச்சு வாங்கி நிற்பவர் பெரும்பாலும் இவ்விருவருக்கும் இடைப்பட்டவரே. ஏறக்குறைய 273 அடிதானே என்று அடிவாரத்திலேயே வேகம் பிடித்துவிடுகிறார். அத்தகைய அன்பர்களுக்கு நாம் சொல்ல விரும்புவது சில உண்டு.

கீழ்ப்படிகள் நிழலில் அமைந்தவை. ஆதலால் சிரமம் தெரியாது. உச்சிப் பிள்ளையார் சந்நிதிக்குச் செல்லும் கடைசிப் படிகளோ வெட்டவெளியில் இருப்பவை. பாதரட்சையைக் கீழேயே விட்டு வருகிறோமாகையால், நண்பகற் பாறை உள்ளங்காலைப் பொசுக்கிவிடும். காலை வேளையே உத்தமம்.

தாயுமானவர் சந்நிதியில் சற்று இளைப்பாறுங்கள். அதற்கு மேலே, 7-ஆம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவன் குடைவித்த குகையில், சடையிலே கங்கையை ஏற்கும் கங்காதரர் சிற்பம் இருக்கிறது. உச்சியையே நோக்கி விரைபவர் அதைக் காணாமலே போய்விடுகிறார். நம் முன்னோரின் கைத்திறனை அவசரத்திற்குப் பலியிடலாமா?

உச்சியில் நின்றால் காவேரிக்கு அப்பால் ஸ்ரீரங்கத்து ராஜகோபுரம் தெரியும். 1987-இல் பூர்த்தியான அதன் உயரம் 236 அடி. அவ்வூரின் ஏழு பிராகாரங்களையும் அன்றே சுற்றிவிட எண்ண வேண்டாம். அதை மறுநாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஏறுவதற்கு மூச்சு வேண்டும். இறங்குவதற்கோ முழங்கால் வேண்டும். வலிமையில் ஒரு பங்கை அதற்கென மிச்சம் வைத்துக்கொண்டு ஏறுவதே விவேகம்.