10-க்கு 12 ஹாலில் ஒரு 5.1

ரொம்ப நாளாக எனக்கு ஒரு ஆசை. வீட்டில் உட்கார்ந்து படம் பார்க்கும்போது ஹெலிகாப்டர் பின்னால் இருந்து கிளம்பி தலைக்கு மேலே பறந்து டிவிக்குள் போய் மறைய வேண்டும். அவ்வளவுதான். இருக்கிறது நீலசந்திராவில் வாடகை வீடு, ஹால் 10 அடிக்கு 12 அடி. ஆசைக்கு வாடகை கிடையாதே!

நீலசந்திரா தெரியாதவர்களுக்கு: பெங்களூரில் ஆஸ்டின் டவுனுக்கும் விவேக்நகருக்கும் பக்கம். சந்துக்குள் நுழைந்தால் தமிழ், உருது, கன்னடம் மூன்றும் ஒரே நேரத்தில் காதில் விழும். ஊரை விட்டு வந்த ஏக்கம் பாதி இந்தச் சந்துகளிலேயே தீர்ந்துவிடும். வீடுகள்தான் தீப்பெட்டியை அடுக்கி வைத்த மாதிரி. பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் அடித்தால் எங்கள் வீட்டுத் தங்கமணி அடுப்பை அணைத்துவிடுவார்.

கொஞ்சம் கொசுவத்தி சுற்றிக்கொள்கிறேன். 1993-ல் 'ஜுராசிக் பார்க்' படத்தோடு டி.டி.எஸ். என்கிற சமாச்சாரம் உலகத்துக்கு வந்தது. ஒலி ஃபிலிமில் இருக்காது, தனி சி.டி.யில் இருக்கும். ஃபிலிமின் ஓரத்தில் உள்ள நேரக்குறியைப் படித்து இரண்டும் ஜோடி சேர்ந்து ஓடும். 1996-ல் 'கருப்பு ரோஜா' தமிழில் டி.டி.எஸ். ஒலியோடு வந்தது. அதற்கப்புறம் தியேட்டர் போஸ்டரில் நடிகர் படம் இருக்கிறதோ இல்லையோ, 'டி.டி.எஸ்.' என்ற மூன்று எழுத்து இருக்கும். அந்தச் சமயத்தில்தான் அப்பா என்னை ராஜபாளையத்தில் இருந்து மதுரைக்கு பஸ்ஸில் கூட்டிப் போனார். என்ன படம் என்பதுகூட மறந்துவிட்டது. பின்னால் கதவு 'கிரீச்' என்றது மட்டும் நினைவிருக்கிறது. நான் திரும்பிப் பார்த்தேன். தியேட்டரில் பாதிப்பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஆசை அன்றைக்குப் பிடித்தது.

நிற்க. போன வருஷம் ஒரு இரண்டாம் சனிக்கிழமை (பேங்க் லீவு) எஸ்.பி. ரோடு போய் ஒரு 5.1 செட் வாங்கினேன். ஊருக்கெல்லாம் இ.எம்.ஐ. போட்டுக் கொடுக்கிறவன், எனக்கே ஒன்று போட்டுக்கொண்டேன்.

5.1 என்றால் ஐந்து ஸ்பீக்கர், கூட ஒரு சப்-ஊஃபர். முன்னால் இடது, வலது, நடுவில் ஒன்று, பக்கவாட்டில் இரண்டு. உட்காருகிறவரை மையமாக வைத்து முன் ஸ்பீக்கர்கள் ஆளுக்கு 30 டிகிரி விலகி இருக்க வேண்டும், பக்கத்து ஸ்பீக்கர்கள் 110 டிகிரி வாக்கில், அதாவது தோளுக்குச் சற்றே பின்னால். புத்தகத்தில் படம் அழகாக வட்டமாக இருந்தது. எங்கள் ஹாலில் 110 டிகிரியில் இடது பக்கம் பீரோ, வலது பக்கம் பாத்ரூம் கதவு. ஹவுஸ் ஓனர் ஆணி அடிக்கக் கூடாது என்று கண்டிஷன் போட்டவர். கடைசியில் ஒன்று பீரோ தலையில் ஏறியது, இன்னொன்று ஸ்டூல் மேல். "இது வீடா, மைக்செட் கடையா?" என்றார் தங்கமணி.

நான் பி.காம். இயற்பியலுக்குப் பத்தாம் வகுப்போடு பெரிய கும்பிடு போட்டவன். அதனால் என்ன ஆச்சு என்றால், சப்-ஊஃபரை மூலையில் வைத்து ஆன் பண்ணியதும் வீடே 'கும்ம்' என்றது. அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். ஒலி நொடிக்கு 343 மீட்டர் போகும். 12 அடி, அதாவது 3.66 மீட்டர் நீள அறையில், சுமார் 47 ஹெர்ட்ஸ் ஒலியின் பாதி அலை கச்சிதமாக உட்கார்ந்துகொள்ளும். 10 அடிப் பக்கம் 56 ஹெர்ட்ஸ். அந்தச் சுரங்கள் மட்டும் சுவருக்குச் சுவர் மோதி வீங்கும். சின்ன அறையின் சாபம் இது. மூலையில் வைத்தால் சாபம் இன்னும் பலமாகும்.

இதற்கு ஒரு வைத்தியம் உண்டு. சப்-ஊஃபரை நாம் உட்காரும் இடத்தில் வைத்துவிட்டு, தரையில் தவழ்ந்து போய் எங்கே சத்தம் சீராகக் கேட்கிறதோ அங்கே அதை நிரந்தரமாக வைக்க வேண்டும். நாற்பத்தைந்து வயது பேங்க் ஆபீசர் ஹாலில் தவழ்வதைப் பார்த்துப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்பா மட்டும் சீரியஸாக, "என்னப்பா தொலைச்ச?" என்றார்.

அப்பாவைப் பற்றிச் சொல்லவில்லையே. அம்மா போனபிறகு எங்களோடு வந்துவிட்டார். ஊரில் பஞ்சு மில்லில் மூன்று ஷிப்டும் பார்த்து ரிட்டயர் ஆனவர். இங்கே வந்ததில் இருந்து பேச்சு குறைந்துகொண்டே வந்தது. கேட்ட கேள்விக்கு வேறு பதில் சொல்வார். தங்கமணி "மாமா, பால் குடிச்சீங்களா?" என்றால், "கால் பரவால்லம்மா" என்பார். வயசாகிறது, மறதி ஆரம்பித்துவிட்டது என்று நானும் தங்கமணியும் சமையலறையில் கிசுகிசுவென்று பேசிக்கொள்வோம். டிவி முன்னால் உட்காருவார், பத்து நிமிஷத்தில் எழுந்து மொட்டை மாடிக்குப் போய்விடுவார்.

ஹெலிகாப்டர் ஒருவழியாகப் பறந்தது. (பீரோவில் கிளம்பி டிவிக்குள் போனது.) அடுத்த ஞாயிறு மத்தியானம் பக்கத்து வீட்டுப் பையன் கதவைத் தட்டினான். கால் சென்டரில் இரவு ஷிப்ட், பகலில்தான் தூக்கம். மரியாதையான பையன். "அங்கிள், சண்டை போடணும்னு வரல. படத்துல என்ன பேசுறாங்கன்னு ஒரு வார்த்தை கேக்கல. தும் தும்னு மட்டும்தான் கேக்குது. அதான் தூங்க முடியல" என்றான். வால்யூமைக் குறைத்துவிட்டு ஸாரி சொல்லி அனுப்பினேன்.

அப்பா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். "அந்தத் தம்பி என்ன சொல்லுது?" என்று கேட்டார். நான் உரக்கச் சொன்னேன். அப்பா சாதாரணமாக, "எனக்கும் அப்படித்தாம்ப்பா கேக்குது" என்றார்.

எனக்குச் சட்டென்று ஒன்றும் ஓடவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவனுக்குக் கேட்பதும், என் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குக் கேட்பதும் ஒன்றா?

ஒன்றுதான். சுவர் மெல்லிய கீச்சு ஒலிகளைத் தடுத்துவிடும், கனத்த ஒலிகள் ஊடுருவிப் போய்விடும். சத்தத்தில் வருஷக்கணக்காக வேலை பார்த்த காதும் அப்படித்தான். முதலில் போவது மேல் அலைவரிசை, 4000 ஹெர்ட்ஸ் பக்கம். பேச்சில் 'ஆ', 'ஓ' போன்ற உயிர் எழுத்தெல்லாம் பலமானவை, கீழே இருப்பவை. க, ச, த, ப எல்லாம் பலவீனமானவை, அவற்றின் அடையாளம் மேலே இருக்கிறது. அது போய்விட்டால் பாலும் காலும் ஒன்றுதான். அப்பாவுக்கு மறதி இல்லை. எங்களுக்குத்தான் தெரியவில்லை.

எட்டு மணி நேர ஷிப்டுக்கு 90 டெசிபல் என்று தொழிற்சாலை விதிகளில் வரம்பு இருக்கிறது. மூன்று டெசிபல் கூடினால் ஒலியின் சக்தி இரண்டு மடங்கு, கூட்டு வட்டி மாதிரி. அப்பா வேலை பார்த்த மில்லில் அதை யார் அளந்தார்கள்? இத்தனைக்கும் அது பஞ்சு மில். என் பி.காம். ஃபீஸ் அந்த இரைச்சலில் இருந்துதான் வந்தது. நான் வீட்டுக்கு வாங்கி வந்ததும் இரைச்சல்தான். மதுரை தியேட்டரில் கதவு 'கிரீச்' என்றபோது நான் திரும்பினேனே, அப்பா திரும்பவில்லை. அது அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை.

அன்று சாயங்காலம் மறுபடி வேலையை ஆரம்பித்தேன். முதலில் சப்-ஊஃபர் வயரைப் பிடுங்கினேன். கனத்த ஒலி கூடினால் அது பேச்சை இன்னும் மூடிவிடும். பிறகு அந்த நடு ஸ்பீக்கர். புதுப் படங்களில் வசனம் பெரும்பாலும் அதில்தான் வரும். ரிசீவரில் அதை மட்டும் தனியாகக் கூட்டலாம். ஆறு டெசிபல் கூட்டினேன். டிவிக்குக் கீழே முழங்கால் உயரத்தில் இருந்ததை, அடியில் ஒரு பழைய லெட்ஜர் அட்டையை மடித்துச் செருகி, அப்பாவின் காதைப் பார்க்கிற மாதிரி சாய்த்தேன். அவருக்குப் பிடித்த பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள் எல்லாம் மோனோ. ரிசீவரில் 'புரோலாஜிக்' வைத்தால் இடது வலது இரண்டிலும் பொதுவாக உள்ளதை எடுத்து நடு ஸ்பீக்கருக்கே அனுப்பிவிடும். நாற்காலியை ஐந்தடி தூரத்துக்கு இழுத்துப் போட்டேன்.

பழைய சிவாஜி படம் ஒன்று ஓடியது. பத்து நிமிஷம் ஆனது, எழுந்திருக்கவில்லை. அரை மணி ஆனது. "இந்த ஆளு பேசுறது மட்டும் அப்படியே இருக்குப்பா" என்றார். தங்கமணி என்னைப் பார்த்தார். நான் ரிமோட்டைப் பார்த்தேன்.

அடுத்த வாரமே காது டெஸ்ட்டுக்குக் கூட்டிப்போனேன். சத்தம் புகாத சின்ன அறை, காதில் ஹெட்போன், கேட்டால் பட்டனை அழுத்த வேண்டும். கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிறைய நேரம் பட்டனை அழுத்தாமல், கவனமாக, பரீட்சை எழுதுகிற பையன் மாதிரி காத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அதைப் பார்ப்பது கஷ்டமாக இருந்தது. கிராஃபில் 4000 ஹெர்ட்ஸ் பக்கம் கோடு பள்ளத்தில் விழுந்திருந்தது. மெஷின் வேண்டாம் என்று ஒரு மாசம் அடம்பிடித்தார். பேத்தி ஸ்கூலில் பேசப்போவதைக் கேட்பதற்காக மாட்டிக்கொண்டார்.

இப்போது நிலவரம்: ஸ்டூல் சமையலறைக்குத் திரும்பிவிட்டது, பீரோ தலையில் பழையபடி சூட்கேஸ். சப்-ஊஃபர் மேல் தங்கமணி பூந்தொட்டி வைத்திருக்கிறார். ஐந்தில் உருப்படியாக வேலை செய்வது நடுவில் உள்ள ஒன்றுதான். இ.எம்.ஐ. இன்னும் நான்கு மாசம் இருக்கிறது.

பி.கு. 1: வீட்டில் பெரியவர்கள் மாற்றி மாற்றிப் பதில் சொன்னால், மறதி என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் ஒருமுறை காதைப் பார்த்துவிடுங்கள். நாங்கள் இரண்டு வருஷம் வீணாக்கினோம்.

பி.கு. 2: நேற்று ராத்திரி நான் செய்தி பார்த்துக்கொண்டிருந்தபோது அப்பா உள்ளே இருந்து குரல் கொடுத்தார்: "ஏப்பா, சத்தத்தைக் குறை, காதடைக்குது!"