எதிர்நீச்சல் போடாதீங்க!

ஒடுகத்தூர்ல வேலை பார்க்குற டாக்டருக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்பீங்க. நியாயம்தான். எங்களுக்குத் தெரிஞ்ச தண்ணி ஜவ்வாது மலையிலிருந்து இறங்கி வர்ற உத்தரகாவேரி மட்டும்தான். வருஷத்துல பாதி நாள் மணல். மலையில மழை பெய்ஞ்சா திடீர்னு வெள்ளம்.

ஆனாலும் இதை எழுதக் காரணம், போன ஆனி மாசம் நான் செய்த ஒரு முட்டாள்தனம்.

என்கூட எம்பிபிஎஸ் படிச்ச நண்பன் பாம்பன்காரன். அவன் சித்தப்பாவோட ஃபைபர் படகுல கிளம்பினோம். லைஃப் ஜாக்கெட் கொடுத்தார். போட்டேன். பத்து நிமிஷத்துல "புழுக்கமா இருக்கு"ன்னு கழட்டி வெச்சுட்டேன். பாலத்தோட போட்டோ நல்லா வரணுமே!

பாம்பன் கால்வாய் பற்றிக் கொஞ்சம் சொல்றேன்.

தெற்கே மன்னார் வளைகுடா, வடக்கே பாக் விரிகுடா. இரண்டுக்கும் நடுவுல ஒரு குறுகலான, பாறைகள் நிறைந்த வழி. இரண்டு பக்கமும் கடல் மட்டம் ஒரே அளவுல இருக்காது. அந்த வித்தியாசம்தான் தண்ணியைத் தள்ளுது. தென்மேற்குப் பருவக்காற்று காலத்துல ஓட்டம் தெற்கிலிருந்து வடக்கே. வடகிழக்குப் பருவத்துல அப்படியே தலைகீழ். அமாவாசை, பௌர்ணமியில ஏற்ற இறக்கமும் சேர்ந்துக்கும்.

1914ல் திறந்த பழைய ரயில் பாலம் கப்பலுக்காக இரண்டு கை மாதிரி விரிஞ்சுக்கிட்டிருந்துச்சு. 2025 ஏப்ரல் 6ல் திறந்த புதுப் பாலத்துல 72.5 மீட்டர் நீளப் பகுதி லிஃப்ட் மாதிரி 17 மீட்டர் மேலே போகும். உலகம் சுத்துற பாய்மரப் படகுக்காரங்க கூட இங்கே அனுமதி வாங்கி, பாலம் தூக்கும் நேரத்துக்காகக் காத்திருந்துதான் கடக்கணும்.

நாங்க பாலத்தை நெருங்கும்போது இன்ஜின் நின்னுபோச்சு. புரொப்பல்லர்ல அறுந்த வலைக்கயிறு சுத்திக்கிச்சு. அலையே இல்லை. தண்ணி அமைதியா இருக்குன்னுதான் நினைச்சேன். ஆனா பாலத்தூண் எங்களை நோக்கி வந்துட்டே இருக்கு! தூண் எங்கே வரும்? நாங்கதான் போய்ட்டிருந்தோம்.

சித்தப்பா பதறலை. முதல் வேலையா நங்கூரத்தைப் போட்டார். படகு ஒரு வெட்டு வெட்டி நின்னுச்சு. நான் நிலைதடுமாறி விளிம்பைப் பிடிச்சேன். கழட்டி வெச்ச ஜாக்கெட் தண்ணியில விழுந்து, நான் கை நீட்டுறதுக்குள்ள தூண்களுக்கு நடுவுல போயிடுச்சு.

அந்த இடத்துல நான் விழுந்திருக்கலாம்.

கயிறை அறுத்துக்கிட்டே அவர் சொன்னது: "டாக்டர் தம்பி, ஓட்டத்தோட மல்லுக்கட்டுனவன் ஜெயிச்சதில்ல."

அவர் அனுபவத்துல சொன்னதுக்குக் கணக்கும் இருக்கு. சராசரி மனிதர் மணிக்குச் சுமார் 3 கிலோமீட்டர் வேகத்துல நீந்துவார். ஓட்டம் அதைத் தாண்டினா, எதிர்த்து நீந்துறவர் பின்னாடிதான் போவார். நீரின் வேகம் இரண்டு மடங்கானா, உங்க உடம்பு மேல விழுற விசை நான்கு மடங்காகும். முழங்கால் அளவு வேகமான தண்ணியே ஆளைச் சாய்ச்சிடும். நம்ம ஊர் தரைப்பாலத்துக்கும் இதே கணக்குதான்.

2021ல் உலகம் முழுக்க நீரில் மூழ்கி இறந்தவங்க சுமார் 3 லட்சம் பேர்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. இப்படி வந்த உடல்களைப் பார்த்து, பெத்தவங்ககிட்ட பேசியிருக்கேன். அப்படிப்பட்ட நானே ஒரு போட்டோவுக்காக ஜாக்கெட்டைக் கழட்டினேன்.

அதனால சில விஷயங்கள்:

✅ படகுல ஏறினது முதல் இறங்குற வரை லைஃப் ஜாக்கெட். பெல்ட்டை இறுக்கிப் போடுங்க.

✅ ஓட்டத்துல சிக்கினா எதிர்நீச்சல் வேண்டாம். மிதங்க. கையைத் தூக்கி உதவி கேளுங்க. குறுக்கா நகர்ந்து கரையைத் தேடுங்க.

✅ மூழ்குறவரைக் காப்பாத்த நீங்களும் குதிக்காதீங்க. கயிறு, கம்பு, காலி குடம், எது கிடைச்சாலும் வீசுங்க.

✅ கரைக்கு வந்தவருக்கு நினைவும் மூச்சும் இல்லைன்னா, 108க்குச் சொல்லிட்டு, முதல்ல வாயோடு வாய் வெச்சு மூச்சு கொடுங்க. பிறகு 30 முறை நெஞ்சு அழுத்தம், 2 முறை மூச்சு. ஆம்புலன்ஸ் வர்ற வரை தொடருங்க.

❌ வயித்தை அமுக்குறது, தலைகீழா தொங்கவிடுறது, தூக்கிச் சுத்துறது வேண்டவே வேண்டாம்.

✅ எழுந்து உட்கார்ந்து பேசினாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வாங்க. சில மணி நேரம் கழிச்சும் மூச்சுத்திணறல் வரலாம்.

கரைக்கு வந்ததும் சித்தப்பாகிட்ட ஜாக்கெட்டுக்குப் பணம் நீட்டினேன். வாங்கலை. "அடுத்த தடவை கழட்டாம இருங்க, போதும்"னார்.

அவருக்குத் தர வேண்டிய கடனைத்தான் இங்கே எழுதித் தீர்க்கிறேன். மழைக்காலம் வருது. தரைப்பாலம் மேல தண்ணி ஓடினா, வண்டியை நிறுத்திட்டுக் காத்திருங்க.