ஐந்து விரலும் விரிய

காஞ்சிபுரம் போனால் பட்டுக் கடையோடு திரும்பிவிடாதீர்கள் பிள்ளைகளே, உத்திரமேரூர் வரை போய் வாருங்கள். அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு இருக்கின்றன. ஒன்று 919-ஆம் ஆண்டு வெட்டியது, மற்றது 921-இல். ஊர்ச்சபைக்கு ஆள் எடுக்கும் விதிகள் அவை. முதல் விதி போதவில்லை என்று கண்டதும் இரண்டே ஆண்டில் திருத்தி, மறுபடி கல்லில் ஏற்றியிருக்கிறார்கள்.

ஊர் 30 குடும்புகளாகப் பிரிந்திருந்தது. குடும்பு என்றால் இன்றைய வார்டு மாதிரி. தகுதியுள்ளவர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, சூதுவாது அறியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். அவன் எடுத்த ஓலையை மத்தியஸ்தர் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில்தான் வாங்க வேண்டும். வாங்கி உரக்க வாசிக்க வேண்டும். அங்கே கூடியிருக்கும் நம்பிமார்களும், அதாவது கோயில் பூசகர்களும், ஒவ்வொருவராக வாசிக்க வேண்டும். விரல் மடங்கினால் அதற்குள் இன்னோர் ஓலை ஒளிந்திருக்க இடம் உண்டு என்று யோசித்திருக்கிறார்கள் என்றே எனக்குப் படுகிறது. யார்மேலும் பழி சொல்லாமல், யாரும் தப்புச் செய்ய முடியாதபடி வகுத்த விதி. இதைவிடச் சிறப்பாக ஒரு விதி எழுத முடியுமா என்று பலமுறை யோசித்திருக்கிறேன்.

முன்பு வாரியத்தில், அதாவது சபையின் குழுவில், இருந்து கணக்குக் காட்டாதவர் பெயர் குடத்துக்குள் போகாது. அவருடைய மாமனார், மருமகன் போன்ற உறவுக்காரர் பெயரும் போகாது. அதிகாரத்தில் இருப்பவரைத்தான் அந்த விதி முதலில் கட்டியது.

ஆனால் இதை மேடையில் பெருமையாகச் சொல்லும்போது பாதியைத்தான் சொல்கிறோம். அது பிராமணர்களின் ஊர்ச்சபை. வயது 35-க்கு மேல் 70-க்குள் இருக்க வேண்டும், வரி கட்டும் சொந்த நிலமும் சொந்த மனையும் வேண்டும், வேதம் கற்றிருக்க வேண்டும். அந்த நிலத்தை உழுதவர் பெயர் குடத்தில் இல்லை, எந்தப் பெண்ணின் பெயரும் இல்லை. ஏரி வாரியம் எடுத்த முடிவு மட்டும் அவர்கள் வயலையும் வயிற்றையும் தொட்டிருக்கும். கீழ்ப்படிய எல்லாரும், பேச சிலர் என்றிருந்தால் அந்த விதி எவ்வளவு நேர்த்தியானாலும் குறையுள்ளதுதான்.

அந்தக் குறை சோழர் காலத்தோடு போகவில்லை. மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் ஊராட்சித் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது என்பதற்காகவே, 1996-இலிருந்து பத்தாண்டு ஒரு தலைவரை நிலையாக உட்காரவிடவில்லை. 2006-இல்தான் தலைவர் நிலையாக உட்கார முடிந்தது. சட்டப் புத்தகத்தில் இடம் கொடுத்துவிட்டால் போதாது, ஊர் மனசும் இடம் கொடுக்க வேண்டும்.

இன்று 1994-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டப்படி, கிராம ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் கிராமசபை உறுப்பினர். நிலம், படிப்பு, சாதி, ஆண், பெண் எதுவும் குறுக்கே வராது. 18 வயது ஆனவர்கள் முதலில் பட்டியலில் பெயரைச் சேர்த்துவிடுங்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற நாட்களில் சபை கூடும்போது அம்மாவையும் அக்காவையும் கூட்டிக்கொண்டு போங்கள். வரவு செலவுக் கணக்கை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். தீர்மானப் புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.