ஆர்4118: காசியில் கிடந்த ஹரிக்கேன்

1982, காசி

காசி இந்துப் பல்கலைக்கழக வளாகத்தில், திறந்தவெளியில், ஆர்4118 என்ற எண் கொண்ட ஒரு ஹாக்கர் ஹரிக்கேன் போர் விமானம் வெயிலிலும் மழையிலும் கிடக்கிறது. பொறியியல் மாணவர்களின் படிப்புக்காக 1947இல் வழங்கப்பட்டது. பழைய ரோல்ஸ் ராய்ஸ் கார்களைத் தேடி இந்தியா வந்த பீட்டர் வேச்சர் என்ற ஆங்கிலேயரின் கண்ணில் படுகிறது.

1996 முதல் 2001 வரை

மீண்டும் வந்த வேச்சருக்கு ஒரு வியப்பு: விமானம் இடம் மாறவில்லை. அதைப் பெறுவதற்கான பேச்சும் கடிதப் போக்குவரத்தும் ஆண்டுக்கணக்கில் நீள்கின்றன. 2001இல் அது இங்கிலாந்து போய்ச் சேர்கிறது.

2001க்குப் பின், ஆவணத் தேடல்

இத்தகைய விமானத்தின் வரலாற்றைத் தேடுவோர் முதலில் பார்ப்பது படிவம் 78. ராயல் விமானப்படை ஒவ்வொரு விமானத்துக்கும் வைத்திருந்த நடமாட்ட அட்டை அது. எந்தத் தேதியில் எந்தப் பிரிவுக்குப் போனது என்று சொல்லுமே தவிர, அங்கே என்ன நடந்தது என்று சொல்லாது. அதற்கு ஸ்குவாட்ரனின் நடவடிக்கைப் பதிவேடு வேண்டும். லண்டனின் க்யூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இந்தப் பதிவேடுகள் உள்ளன. யார், எந்த எண் விமானத்தில், எத்தனை மணிக்குக் கிளம்பி எப்போது இறங்கினார் என்பது நாள்வாரியாக அதில் இருக்கும். சண்டைக்கு நடுவே தட்டச்சு செய்தவை. எண்ணில் ஒரு எழுத்து மாறிப்போவது சாதாரணம். ஆகவே மூன்றாவதாக விமானிகளின் சொந்தப் பறப்புக் குறிப்பேடுகளோடு ஒத்துப் பார்க்க வேண்டும். மூன்றும் ஒத்துவந்தால் தாராளமாக நம்பலாம்.

ஆர்4118இன் கதை இப்படித் திரண்டது. பிராக்வொர்த்தில் குளோஸ்டர் நிறுவனம் கட்டியது. 1940 ஆகஸ்ட் 17 அன்று ஸ்காட்லாந்தின் டிரெம் தளத்தில் இருந்த 605ஆம் ஸ்குவாட்ரனுக்கு வந்தது. அடுத்த மாதம் ஸ்குவாட்ரன் லண்டனை ஒட்டிய கிராய்டனுக்கு இறங்கியது. பிரிட்டன் வான்போரில் இந்த விமானம் 49 முறை களமிறங்கியது. பாப் ஃபாஸ்டர் இதை ஓட்டியவர்களில் ஒருவர். அது வீழ்த்தியதாகச் சொல்லப்படும் எதிரி விமானங்கள் ஐந்து. இந்த எண்ணை மட்டும் சற்றுத் தள்ளி வைத்தே படிக்க வேண்டும்: ஒரே விமானத்தை இருவர் சுட்டு, இருவரும் கணக்கில் எழுதிக்கொண்டது அந்தப் போரில் இரு தரப்பிலும் நடந்தது.

அக்டோபரில் சண்டையில் சேதம், பழுதுபார்ப்பு, 1941இல் 111ஆம் ஸ்குவாட்ரன், பிறகு பயிற்சிப் பிரிவுகள். 1943 டிசம்பரில் பெட்டியில் அடைத்து இந்தியாவுக்குக் கப்பலேற்றப்பட்டது. இங்கே அதற்கு வேலை வரவில்லை. தப்பிப் பிழைத்ததற்கு அதுவே காரணம் எனலாம். 14,000க்கு மேல் கட்டப்பட்ட ஹரிக்கேன்களில் பெரும்பாலானவை போரில் அழிந்தன அல்லது பழைய இரும்பு விலைக்குப் போயின.

2001 முதல் 2004 வரை, பட்டறை

புதுப்பிக்கும் பணியை ஹாக்கர் ரெஸ்டோரேஷன்ஸ் மேற்கொண்டது. ஹரிக்கேனின் உடற்சட்டகம் பற்றவைக்கப்பட்டதல்ல. உலோகக் குழாய்களின் முனைகளைச் சதுரமாக்கி, தகடு வைத்து, போல்ட் போட்டு முடுக்கியது. ஆகவே குழாய் குழாயாகக் கழற்றிச் சோதிக்கலாம். கெட்டதை மட்டும் மாற்றலாம். அதற்கு மேல் மரச்சட்டங்கள், அவற்றின் மேல் லினன் துணி. டோப் என்ற பூச்சைப் பூசினால் துணி இறுகி விறைக்கும். காசியின் பருவமழைக்கு மரமும் துணியும் எப்படியும் தாக்குப்பிடிக்காது. கடினமான இடம் இறக்கையின் நடுத்தண்டு: எஃகுப் பட்டையைப் பல பக்கங்கள் கொண்ட குழாயாக உருட்டி, ஒன்றுக்குள் ஒன்றைச் செருகிச் செய்யப்பட்டது. அந்த உருளை அச்சுகள் போருக்குப்பின் எங்கும் இல்லாததால், ஹரிக்கேன்களைப் பறக்கவைக்க விரும்பியோர் அவற்றை மறுபடி உருவாக்க வேண்டியிருந்தது.

எதை மாற்றலாம், எதை விடலாம் என்பதில்தான் வரலாறும் பட்டறையும் மோதுகின்றன. பறக்க வேண்டுமானால் சோர்ந்த உலோகத்தை இரக்கமின்றிக் கழிக்க வேண்டும். கழித்தால் போரைப் பார்த்த பாகம் குறையும். ஆர்4118இல் பழைய பாகங்கள் நிறையவே எஞ்சியிருந்தன. காசியில் யாரும் அதைக் கூறுபோட்டு விற்காதது பெரிய அதிர்ஷ்டம்.

2004 டிசம்பர் 23

மெர்லின் எஞ்சின் முழங்க ஆர்4118 மறுபடி பறக்கிறது. 605ஆம் ஸ்குவாட்ரனில் அது தாங்கிய யூ.பி.-டபிள்யூ என்ற குறியெழுத்துகளே பக்கவாட்டில் இருக்கின்றன. முதுமையில் இருந்த ஃபாஸ்டர் தன் பழைய விமானத்தை மறுபடி சந்தித்தார்.

2005, 2015

வேச்சர் தேடலை நூலாக எழுதி 2005இல் வெளியிட்டார். பத்தாண்டு கழித்து விமானம் வேறு உரிமையாளரிடம் போனது. இப்போது அதற்குக் குடிமைப் பதிவெண்ணும் உண்டு; ஒவ்வொரு பறப்பும் ஒவ்வொரு பழுதும் புதிய குறிப்பேட்டில் ஏறுகின்றன.