பட்டியலில் விடுபட்ட பெயர்



மணவாள நகரில் குடியிருக்கும் நமக்குக் கடல் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆயினும் நம்முடைய திருவள்ளூர் மாவட்டத்தின் கிழக்கெல்லை கடல்தான். சில்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியாகிய பழவேற்காடும் அங்கேதான் இருக்கிறது. அந்தப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து, பொன்னேரி வழியாகப் பேருந்து மாறி, அன்னக்கூடையில் மீன் சுமந்து வரும் ஒரு தாயாரிடம் பல ஆண்டுகளாக எங்கள் வீட்டில் மீன் வாங்கிவருகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன், மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை, அவர் கூடை இல்லாமல் வந்து வாசலில் நின்றார். அது தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் 61 நாட்கள், கிழக்குக் கடலில் விசைப்படகுகள் போகக்கூடாது. அவருடைய மகன் காசிமேட்டில் பிறருடைய விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். படகு கரையில் நின்றால் கூலியும் நின்றுவிடும்.

நான் உள்ளே போய், சபையில் ஏழைகளுக்கென்று வைத்திருந்த அரிசிப் பையைக் கொண்டுவந்தேன். ஜெபித்து அனுப்பிவிடலாம் என்பது என் எண்ணம். அவரோ பையைப் பார்த்துவிட்டு, “அரிசிக்குக் குறை இல்லீங்க ஐயா, ரேஷன்ல போடுறாங்க. இந்தத் தாளையெல்லாம் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க” என்றார். மஞ்சள் பைக்குள் ஒரு வங்கிப் புத்தகம், குடும்ப அட்டை, கணவருடைய இறப்புச் சான்றிதழ். நிவாரணத் தொகை கணவர் பெயரிலிருந்த கணக்கிற்கு வந்துகொண்டிருந்தது. அவர் இறந்தபின் இரண்டு தடைக்காலங்களுக்குப் பணம் வரவில்லை. “அவரு போனாரு, பணமும் போச்சுன்னு நினைச்சுக்கிட்டேன்” என்றார்.

அன்பானவர்களே, நான் வெட்கப்பட்டேன். “மீனவர்களுக்குத்தான் அரசாங்கம் சும்மா கொடுக்கிறதே” என்று நம்மில் சிலர் பேசும்போது நானும் மறுத்துப் பேசாமல் இருந்தவன். சற்றுக் கணக்குப் பார்ப்போம். 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில், தடைக்கால நிவாரணம் 5,000 ரூபாயிலிருந்து 8,000 ரூபாயாக உயர்த்தப்படும் என்று முதலமைச்சர் அறிவித்தார். உயர்த்திய அந்தத் தொகையை 61 நாட்களுக்குப் பங்கிட்டாலும், ஒரு குடும்பத்திற்கு நாளொன்றுக்கு 131 ரூபாய்தான். மீனவ மகளிருக்கான சேமிப்பு நிவாரணத் திட்டத்திலோ, அவர்களே மாதந்தோறும் சிறுகச் சிறுகக் கட்டும் 1,500 ரூபாயோடு அரசு 3,000 சேர்த்து 4,500 ஆகத் திருப்பித் தருகிறது. அதில் மூன்றில் ஒரு பங்கு அவர்கள் வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணம். இதையா நாம் சும்மா கிடைப்பது என்கிறோம்?

மோசேயின் நியாயப்பிரமாணத்தை நினைத்துப் பாருங்கள். ஏழாம் வருஷத்தில் நிலத்துக்கு ஓய்வு கொடுக்கச் சொன்ன தேவன், அதே கட்டளையில் எளியவன் எதைச் சாப்பிடுவான் என்பதையும் சொல்லிவைத்தார். ஓய்வும் உணவும் பிரிக்கப்படவில்லை. கடல் ஓய்ந்திருப்பதால்தான் ஆண்டின் மற்ற மாதங்களில் நம் தட்டில் மீன் இருக்கிறது. நமக்காகவும் சேர்த்து வேலையை நிறுத்தி உட்கார்ந்திருப்பவர்களுக்குக் கிடைப்பது பிச்சை அல்ல, நியாயம்.

ஆனால் நியாயமும் பட்டியல் வழியாகத்தான் வருகிறது. 2020-இல் மத்திய அரசு தொடங்கிய மீன்வளத் திட்டத்தின் மதிப்பு 20,050 கோடி ரூபாய். எத்தனை கோடி ஒதுக்கினாலும், பெயர் இல்லாத வீட்டுக்கு அதிலிருந்து ஒரு ரூபாயும் போய்ச் சேராது. விடுபடுவது அரசாங்கத்தின் பட்டியலில் மட்டுமல்ல. பழவேற்காட்டு ஏரியில் எந்த ஊரார் எந்த நாளில் எங்கே வலையிடுவது என்று முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் ‘பாடு’ வழக்கம் தலைமுறைகளாக இருக்கிறது. சண்டையின்றிப் பிழைக்க ஏற்பட்ட நல்ல ஏற்பாடு அது. ஆயினும் தண்ணீரில் அமர்ந்து கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் மக்களுக்கு அதில் பங்கு இல்லை.

ஆதித் திருச்சபையிலும் இப்படி நடந்தது. அப்போஸ்தலர் நடபடிகள் 6-ஆம் அதிகாரத்தில், அன்றாடப் பந்தி விசாரிப்பில் கிரேக்க மொழி பேசிய விதவைகள் விடுபட்டுப் போனார்கள். அப்போஸ்தலர்கள் முறுமுறுத்தவர்களைக் கடிந்துகொள்ளவில்லை, ஜெபம் மட்டும் செய்து அனுப்பவுமில்லை. நற்சாட்சி பெற்ற ஏழு பேரை அந்த வேலைக்கென்றே ஏற்படுத்தினார்கள். விடுபட்டவரைத் தேடுவது பரிசுத்த ஆவியால் நிறைந்தவர்கள் செய்யவேண்டிய ஊழியம் என்று எண்ணினார்கள்.

காக்களூர் தொழிற்பேட்டையில் வேலை செய்யும் நம் சபை வாலிபர் ஒருவர் அன்று மாலை வந்து அமர்ந்து, அந்தத் தாயாருக்கு மனு எழுதித் தந்தார். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திற்கு உடன் சென்றார். யோசித்துப் பாருங்கள்: கடற்கரையிலிருந்து அந்த அலுவலகம் அவருக்கு அரைநாள் பயணம். நமக்கோ அடுத்த தெருவைப் போல. கர்த்தர் நம்மை இங்கே குடிவைத்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் அல்லவா?

போன இரண்டு தடைக்காலங்களின் பணம் அவருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. ஆனால் அடுத்த ஆண்டுப் பட்டியலில் அவருடைய பெயர் இருந்தது.

இந்த வாரம் உங்கள் வாசலுக்கு வரும் மீன்காரரிடம் விலை பேசிய பின், இன்னும் ஒரு கேள்வி கேளுங்கள்: “அம்மா, நிவாரணப் பணம் உங்கள் பெயருக்கு வருகிறதா?” இல்லை என்றால், ஞாயிறு ஆராதனை முடிந்தபின் அவர்களை அழைத்துவாருங்கள். சபையில் எழுதத் தெரிந்தவர்கள் இருக்கிறோம்.

ஜெபம்: ஆண்டவரே, கடற்கரையில் வலை அலசிக்கொண்டிருந்தவர்களைத் தேடிப் போனவரே, எங்கள் கண்ணுக்குத் தப்பியவர்களை நாங்கள் தேடிப் போகக் கிருபை தாரும். ஆமென்.