புதுப்பானைக் கஞ்சி

1990 ஒக்டோபர், செபமாலை மாதத்தின் கடைசி நாட்கள். கற்பிட்டியில் எங்கள் கிடுகு வீட்டில் அம்மா முழந்தாளிட்டுச் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார். கரைப் பக்கம் கூக்குரல் கேட்டது.

மழைக்குள் ஓடினோம். ஒரு வள்ளம், அதன் பின்னால் இன்னொன்று, இருட்டுக்குள் இன்னும் பல. இடுப்பளவு தண்ணீரில் குதிக்கிறார்கள், பிள்ளைகளைத் தலைக்கு மேலே தூக்கி நீட்டுகிறார்கள், யார் பிள்ளை யார் கையில் என்று தெரியவில்லை, அப்பா இறங்கிவிட்டார், பக்கத்து வாடிக்காரர்களும் இறங்கிவிட்டார்கள்.

மன்னார் முஸ்லிம்கள். வெளியேறும்படி விடுதலைப் புலிகள் கட்டளையிட்டிருந்தார்கள். அந்த மாதம் வடக்கின் ஐந்து மாவட்டங்களிலிருந்து ஏறத்தாழ 75,000 பேர் அப்படி விரட்டப்பட்டார்கள். விரட்டியவர்கள் பேசியதும் தமிழ்தான். கரையேறியவர்கள் அழுததும் தமிழில்தான்.

இப்போது அந்தக் கடலில் வெளிநாட்டார் பட்டம் கட்டிச் சறுக்குகிறார்கள். எனக்கோ அந்தக் கடலை நினைத்தால் அந்த இரவின் வாடைதான் முதலில் வரும். நனைந்த துணி, டீசல், பிள்ளைகளின் வாந்தி. ஒரு இளம் தாய் நெஞ்சோடு அணைத்திருந்த துணிப்பொதியை யாரிடமும் கொடுக்கவில்லை. உள்ளே இருந்த குழந்தை கடலிலேயே மூச்சை விட்டிருந்தது. அவளுக்கு இருபது வயதுகூட இருந்திராது. உதடுகள் மட்டும் எதையோ ஓதிக்கொண்டே இருந்தன.

நத்தாருக்கென்று வாங்கிவைத்த புதுப்பானையை அம்மா அடுப்பில் ஏற்றினார். ஒரு மூதாட்டி கஞ்சியை வாங்கினார், குடிக்கவில்லை. கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவுக்குப் புரிந்துவிட்டது.

“புதுப்பானை உம்மா. இன்றைக்குத்தான் அடுப்பில ஏறுது. அரிசியும் தேங்காய்ப்பாலும் உப்பும்தான்.”

அவர் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். “அல்லாஹ் உங்களக் கைவிடமாட்டான், மகள்.”

விடிந்தபின் நான் கேட்டேன், “அம்மா, நேற்றுச் செபத்தைப் பாதியில விட்டுட்டீங்களே?”

“விடல்ல பிள்ளை. மாதா அவங்களோடதான் கரையேறினவ.”

தலவில் அன்னம்மாள் கோயிலில் எத்தனையோ முறை என்னை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்திருக்கிறேன், கூடவே என் விருப்பங்களையும் சொல்லிக்கொண்டு. அம்மா எதையும் கேட்கவில்லை. நாளைக்கு நமக்கு அரிசி எங்கே என்ற பயத்தையும் சேர்த்தே கொடுத்துவிட்டார். இறையன்பிடம் சரணடைவதை நான் கண்ணால் கண்டது அந்த அடுப்படியில்தான்.

ஒல்லாந்தர் காலத்தில் ஒளிந்து செபித்தவர்கள் எங்கள் முன்னோர். அவர்களைத் தேடிவந்த புனித யோசவ் வாஸ் அடிகள், புத்தளத்திலிருந்து 1692இல் கண்டிக்குப் போனார். முதலில் சிறையில் அடைக்கப்பட்டாலும், பிறகு அவருக்குப் புகலிடம் தந்தவன் பௌத்த மன்னன். அடைக்கலத்தின் அருமை எங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பிலும் ஆராதனைக்கு வந்தவர்கள் குண்டுகளுக்குப் பலியானார்கள். அந்தக் கோபத்தில் மே மாதம் எங்கள் மாவட்டத்துச் சிலாபத்தில் முஸ்லிம்களின் கடைகள் மீதும் பள்ளிவாசல் மீதும் கற்கள் விழுந்தன. எனக்குள்ளும் கோபம் இருந்தது. ஆனால் அம்மா அந்த நாட்களில் இறந்தவர்களுக்கு ஒரு செபமாலையும், கடை இழந்தவர்களுக்கு ஒரு செபமாலையும் சொன்னார். இரண்டையும் ஒரே குரலில் சொன்னார்.

தலவில் திருவிழாவுக்கு வருகிறவர்களே, பாலாவியிலிருந்து கற்பிட்டி வரும் வழியில் அகதி முகாம்களாகத் தொடங்கிய குடியிருப்புகள் இருக்கின்றன. கோயிலுக்குப் போகுமுன் அங்கேயும் ஒருதரம் இறங்குங்கள். அங்குள்ள முதியவர்கள் சொல்வதை உட்கார்ந்து கேளுங்கள்.