காருக்குள் இருப்பவருக்கு ஒரு பேனர்

மார்ச் 12, 2024, செவ்வாய்

வேளச்சேரியில் காலையில் நடைபாதையே இல்லை. இரவோடு இரவாகச் சவுக்குக் கட்டைகளை நட்டு வரிசையாக பேனர் கட்டியிருக்கிறார்கள். கட்டை நட்ட இடத்தில் பெயர்த்த கற்கள் பக்கத்திலேயே கிடக்கின்றன. வழக்கமாகப் பூ விற்கும் அம்மா கூடையோடு தார்ச்சாலையில் இறங்கி உட்கார்ந்திருந்தார்.

"பஸ் இடிச்சிடப் போகுதும்மா."

"தலைவர் வர்றாராம்ப்பா. சாயங்காலம் வரைக்கும்தானாம்."

சாயங்காலம் வரைக்கும் அவர் முழங்காலை உரசிக்கொண்டு பேருந்து போகும்.

மார்ச் 13, புதன்

தங்கை மகளின் மஞ்சள் நீராட்டுக்குப் பத்திரிகை அடிக்கக் கொடுக்கப் போனேன். கணினியில் டிசைன் போடும் தம்பி ஒரு பேனரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். மேல் மூலையில் தபால்தலை அளவுக்கு மறைந்த தலைவர்கள். நடுவில் ஆளுயரத்துக்கு இன்றைய தலைவர், அவர் தோளருகே மாவட்டம். கீழே வட்டம், கிளை, இளைஞரணி என்று கைகூப்பிய முகங்கள்.

"மூணாவது தடவை மாத்துறேன் சார். வட்டச் செயலாளர் படம் பக்கத்துல இருக்கிறவரைவிடச் சின்னதாப் போச்சாம்."

"ரோட்டுல போறவங்க அதையெல்லாம் பார்ப்பாங்களா?"

"அவங்க பார்க்க வேணாம் சார். தலைவர் கார்ல போறப்போ பார்த்தாப் போதும்."

இத்தனை வருடமாக பேனர்களைப் பார்க்கிறேன். அவை நம்மிடம் ஏதோ சொல்ல வருகின்றன என்றுதான் நினைத்திருந்தேன். 'நான் இருக்கிறேன், அடுத்த முறை எனக்கு சீட் கொடுங்கள்' என்று தொண்டர் தலைவருக்கு எழுதும் மனு அது. அதனால்தான் கூட்டம் நடக்கும் திடலைவிட கார் வரும் வழியில் பேனர் அதிகம். மனு போகட்டும், அது தொண்டரின் உரிமை. அதை ஒட்டும் பலகையாக நம் நடைபாதை ஏன் ஆக வேண்டும்?

மார்ச் 14, வியாழன்

நகைக்கடை விளம்பரமாவது என்னைப் பார்த்துப் பேசுகிறது. வேண்டுமென்றால் போகலாம், வேண்டாமென்றால் விடலாம். அதற்காக அது ஆபத்தில்லாதது என்று சொல்லமாட்டேன். 2023 ஜூனில் கோவை கருமத்தம்பட்டியில் விளம்பரப் பலகை கட்டும்போது இரும்புச் சாரம் சரிந்து மூன்று தொழிலாளர்கள் செத்துப்போனார்கள்.

மார்ச் 15, வெள்ளி

பள்ளிக்கரணை வழியாகத் துரைப்பாக்கம் போனேன். இந்த ரேடியல் சாலையில்தான் 2019 செப்டம்பர் 12 அன்று, வேலை முடிந்து ஸ்கூட்டரில் வீடு திரும்பிய 23 வயது மென்பொருள் பொறியாளர்மேல் சாலை நடுவில் வைத்திருந்த பேனர் விழுந்தது. பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறியது. அது ஒரு அரசியல்வாதி வீட்டுக் கல்யாண பேனர். பேனர் வைக்கக் கூடாதென்று 2018 டிசம்பரிலேயே உயர் நீதிமன்றம் தடை போட்டிருந்தது. அவர் இறந்த மறுநாள் தலைவர்கள் பலரும் தொண்டர்களுக்கு 'பேனர் வேண்டாம்' என்று அறிக்கை விட்டார்கள். அடுத்த மாதமே, மாமல்லபுரத்துக்கு வரும் மோடியையும் ஷி ஜின்பிங்கையும் வரவேற்க பேனர் வைக்க வேண்டுமென்று மாநில அரசே நீதிமன்றத்துக்குப் போனது. ஒரு மாதம்கூடப் பொறுக்க முடியவில்லையே என்று அன்று வந்த கோபம் எனக்கு இன்றும் ஆறவில்லை.

மார்ச் 17, ஞாயிறு

நேற்று தேர்தல் தேதி அறிவித்துவிட்டார்கள். நடத்தை விதி அமலுக்கு வந்தாயிற்று. அரசுக் கட்டடங்களில் 24 மணி நேரம், பொது இடங்களில் 48, தனியார் இடங்களில் 72, அதற்குள் எல்லாம் அகல வேண்டும். காலையில் ஆட்கள் ஏணியோடு வந்து பேனர்களை இறக்கிவிட்டார்கள். சுவர் விளம்பரத்தின்மேல் வெள்ளையடித்தார்கள். யாரும் தடுக்கவில்லை, கட்சிக்காரர்கள்கூட. பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்கும் சட்டம் 1959 முதல் நம்மிடம் இருக்கிறது. அதே ஆட்கள், அதே ஏணி. தேர்தல் இல்லாத நாளில் மட்டும் அந்த ஏணி ஏன் வருவதில்லை?

பூக்கார அம்மா பழைய இடத்துக்கு வந்துவிட்டார். கட்டை நட்ட குழிகளை யாரும் மூடவில்லை. அவர் பக்கத்திலிருந்த குழியில் டீக்கடைக்காரரும் நானும் செங்கல் துண்டுகளைப் போட்டு மிதித்தோம். ரயில் நிலையம் வரை இன்னும் நிறைய இருக்கின்றன. ஓட்டுக் கேட்டு யார் வந்தாலும், எந்தக் கட்சியானாலும், முதலில் அந்தக் குழிகள் வழியாகக் கூட்டிக்கொண்டு போவதாக இருக்கிறேன்.